விட்டு விட்டு அடிக்கிற காத்து

புழலில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் ஏரி தெரியும். காற்று எங்கே இறங்குகிறதோ அந்த இடத்துத் தண்ணீர் மட்டும் கறுத்து, அந்தக் கறுப்பு ஒரு பூனை மாதிரி சத்தமில்லாமல் கரையை நோக்கி ஓடிவரும். பின்னாலேயே கொடியில் காயும் லுங்கி எழும்பும். சின்ன வயதில் காத்தாடி விடும்போதே இதைக் கவனித்திருக்கிறேன். இதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கிறது, அதற்கென்று ஒரு விளையாட்டு இருக்கிறது, அதில் என் சம்பளம் கரையப்போகிறது என்பதெல்லாம் அப்போது தெரியாது.

1876-இல் கட்டிய ஏரி. நிறைந்தால் 21 அடி ஆழம், 3,300 மில்லியன் கன அடி தண்ணீர். விண்ட்சர்ஃப் ஃபாயில் ஓட்டுபவனுக்கு இதைவிடச் சொர்க்கம் கிடையாது. அலை இல்லை, ஆழம் இருக்கிறது, வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஆனால் இது ஊர் குடிக்கிற தண்ணீர், இறங்கக்கூடாது. அந்த விதியோடு எனக்குச் சண்டை இல்லை. 2019 ஜூனில் இதே ஏரி வெடித்த மண்ணாகக் கிடந்ததைப் பார்த்தவன் நான். லாரித் தண்ணிக்கு டோக்கன் போட்டு நின்ற எவனும் அதில் விளையாடணும் என்று கேட்க மாட்டான். ஆகவே தினமும் காலையில் காபியோடு நின்று பார்ப்பேன், அவ்வளவுதான். சாப்பிடக்கூடாத பிரியாணியை மோந்து பார்ப்பது மாதிரி.

ஃபாயில் என்றால் என்னவென்று ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். சாதாரண விண்ட்சர்ஃபிங்கில் ஒரு பலகை, அதன்மேல் சாயக்கூடிய ஒரு பாய்மரம், பாய். பலகை தண்ணீரை உரசிக்கொண்டு ஓடும். ஃபாயிலில் பலகைக்கு அடியில் முக்கால் மீட்டரிலிருந்து ஒரு மீட்டர்வரை ஒரு தண்டு இறங்கும். தண்டின் முனையில் குட்டி விமானம் ஒன்றைத் தலைக்குத்தலாக மாட்டியதுபோல ஒரு முன் சிறகு, ஒரு உடல், ஒரு வால் சிறகு. வேகம் வந்ததும் சிறகு தண்ணீருக்குள் பறக்க ஆரம்பிக்கும், பலகை தண்ணீரை விட்டு மேலே எழும்பிவிடும். சத்தம் நின்றுவிடும். அந்த அமைதிக்காகத்தான் எல்லாப் பாடும். புதிய தந்திரம் ஒன்றும் இல்லை. தொலைபேசிக்காரர் அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லின் குழு 1919-இலேயே இப்படி ஒரு படகை மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியது. பாய்ப்பலகைக்கு இது வந்து சேரத்தான் இத்தனை வருஷம். ஒலிம்பிக்ஸில் 2024 பாரிஸில்தான் ஃபாயில் பலகை முதன்முதலாக இறங்கியது.

நான் இதை ராமேஸ்வரம் பக்கம் ஒரு விடுமுறையில் கற்றுக்கொண்டேன். அங்கே காற்று ஒரு அரசாங்க அதிகாரி மாதிரி. வரும் நேரத்துக்கு வரும், வந்தால் ஒரே சீராக உட்கார்ந்திருக்கும். மூன்றாம் நாளே பத்து விநாடி பறந்துவிட்டேன். திரும்பி வந்த வாரமே இரண்டாம் கையில் ஒரு முழு செட் வாங்கினேன். 900 சதுர சென்டிமீட்டர் முன் சிறகு, 9 சதுர மீட்டர் பாய். 2024 ஒலிம்பிக்ஸில் ஆண்கள் ஓட்டிய அதே அளவு. உலகத்திலேயே சிறந்தவர்கள் வைத்திருப்பதை நாமும் வைத்திருந்தால் நாமும் பறப்போம் என்ற எண்ணம்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் பெரிய கம்பெனிகள் பயன்படுத்தும் டூல் எல்லாவற்றையும் நாலு பேர் இருக்கும் டீமுக்குக் கொண்டுவந்து எல்லாரையும் அழவைத்தவன் நான். அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பது எண்ணூரில் தெரிந்தது.

எண்ணூர் ஏன் என்றால், அங்கே என் மாமா இருக்கிறார். அம்மாவின் தம்பி. முகத்துவாரத்தை ஒட்டிய குப்பங்களில் ஒன்றில் ஃபைபர் போட்டு வைத்திருக்கிறார். பழவேற்காட்டை யோசித்தேன். அகலமான ஏரிதான், ஆனால் பெரும்பாலான இடத்தில் இடுப்பளவுகூட இல்லை, ஃபாயில் தரையில் குத்தும். எண்ணூர் முகத்துவாரத்திலும் அதே பிரச்சினை உண்டு. சாம்பல் படிந்து படிந்து ஆறு மேடாகிவிட்டது. கால் வைத்தால் கணுக்காலுக்கு மேல் சாம்பல் சேறு ஏறும். ஆனால் எங்கே பள்ளம் இருக்கிறது என்று மாமாவுக்குத் தெரியும். ஒரு மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு போட்டில் என்னைக் கூட்டிப்போய்க் குத்திக் குத்திக் காட்டினார். "தோ, இந்த லைன்ல போ. அந்தப் பக்கம் போன, உன் சாமான் புட்டுக்கும்." ஏற்றம் இருக்கும் நேரம் மட்டும், நண்டு வலை போடாத நேரம் மட்டும். இரண்டும் சேர்வது வாரத்துக்கு ஒருமுறையோ இரண்டுமுறையோ.

செட்டின் விலையைக் கேட்டார். பாதிதான் சொன்னேன். அதற்கே அவர் கழியை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தார். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து இந்த ஆறு முழுக்கக் கறுப்பானபோது வாரக்கணக்கில் தொழில் இல்லாமல் உட்கார்ந்திருந்தவர் அவர். அவர் போட்டின் பக்கவாட்டில் அந்தக் கறுப்புக் கோடு ரொம்ப நாள் போகவில்லை. நான் விளையாடும் தண்ணி அவருக்குச் சோறு. இது எனக்கு ஒவ்வொருமுறையும் உறுத்தும். உறுத்தினாலும் இறங்குவேன்.

மூன்று மாதம் இறங்கினேன். ஒருநாள்கூடப் பறக்கவில்லை.

பிரச்சினை காற்று. ஜூன், ஜூலையில் வட சென்னையில் காலையில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும். காய்ந்த நிலத்தின்மேல், ஃபாக்டரி, குடோன், கன்டெய்னர் யார்டு எல்லாவற்றின் மேலும் தடுக்கி விழுந்து வரும் காற்று. அரை நிமிஷம் அடிக்கும், ஒரு நிமிஷம் செத்துக்கிடக்கும். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வரப் பார்க்கும். மேற்கு பலமாக இருந்தால் அது வருவதே தாமதமாகும். இரண்டும் முட்டிக்கொள்ளும் நேரத்தில் பாய் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பும். என் கையளவு காற்றுமானியில் மணிக்கு 15 கிலோமீட்டர் காட்டும், அடுத்த நொடி 26. கேட்க என்னவோ சின்ன வித்தியாசம்தான். ஆனால் பாய்மேல் விழும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 15-க்கும் 26-க்கும் நடுவில் விசை மூன்று மடங்கு. பதினைந்தில் 9 மீட்டர் பாய் பத்தாது, இருபத்தாறில் அதே பாய் என்னைத் தூக்கி முன்னால் வீசும். வீசியது. பூம் என் பல்லை ஒருமுறை பதம் பார்த்தது. அம்மாவிடம் பாத்ரூமில் வழுக்கியது என்றேன்.

கடைசியில் ஒரு ராத்திரி உட்கார்ந்து, முதல் நாளே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். சிறகின் தூக்குவிசை அதன் பரப்பைப் பொறுத்தது, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. என் எடை மாறப்போவதில்லை. எனவே பரப்பை இரட்டிப்பாக்கினால் எழும்பத் தேவையான வேகம் இரண்டின் வர்க்கமூலத்தால் வகுபடும். அதாவது கிட்டத்தட்ட 30 சதவீதம் குறையும். 900 சிறகுக்குப் பலகை 18 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால்தான் எழும்பும் என்று வைத்துக்கொண்டால், 1800 சிறகுக்கு 13 போதும். ஒலிம்பிக் வீரர் 900-ஐ ஏன் வைத்திருக்கிறார்? அவருக்கு எழும்புவது பிரச்சினை இல்லை, எழும்பியபின் வேகம்தான் பிரச்சினை. பெரிய சிறகு என்றால் வேகத்தில் இழுவை அதிகம். அவர் கேள்வி வேறு, என் கேள்வி வேறு. அவருடைய பதிலைக் காசு கொடுத்து வாங்கி என் கேள்விக்குக் கீழே எழுதியிருந்தேன்.

அவர்களுக்கும் காற்று வேண்டும், அது வேறு விஷயம். மார்செய்யில் நடந்த அந்த ஒலிம்பிக்ஸில் காற்று இல்லாமல் பந்தயங்களைத் தள்ளிவைத்துவிட்டு உலகத்தின் சிறந்த வீரர்கள் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது கொஞ்சம் அற்ப சந்தோஷம்.

விற்றேன், நஷ்டத்தில். 1700 சிறகு ஒன்று வாங்கினேன். அகலத்துக்கும் நீளத்துக்கும் நடுத்தர விகிதம். நீளமாக, ஒல்லியாக இருக்கும் சிறகுகள் காற்று செத்த இடைவெளியில் நன்றாக வழுக்கிக்கொண்டு போகும்தான். ஆனால் அவை எழும்பக் கொஞ்சம் கூடுதல் வேகம் கேட்கும், வேகம் விழுந்தால் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடும். என் மாதிரி ஆளுக்கு நடுத்தரமே மேல். தண்டு 75 சென்டிமீட்டர், ஆற்றின் ஆழத்துக்காக. பாயை 9-லிருந்து 6.5-க்கு இறக்கினேன். இதுதான் பலருக்கும் புரியாத இடம். காற்று குறைவு என்றால் பாயைப் பெரிசாக்கு என்றுதான் கை போகும். ஆனால் விட்டு விட்டு அடிக்கும் காற்றில் பெரிய பாய் கையில் ஒரு மாடு. பெரிசாக்க வேண்டியது தண்ணிக்குள் இருப்பதை. மேலே இருப்பது கையில் அடங்குகிற அளவு போதும், கையால் விசிறி வேகம் எடுக்கிற மாதிரி.

மாமா இந்தப் பாயைத் தடவிப் பார்த்துவிட்டு, "தொப்பை இல்லியே" என்றார். நான் வீடியோவில் பார்த்தபடி எல்லாக் கயிற்றையும் விறைக்க இழுத்துக் கட்டியிருந்தேன். பாய் தகரம் மாதிரி இருந்தது. அவர் சின்ன வயதில் கட்டுமரத்தில் பாய் கட்டி ஓடியவர். சுனாமிக்குப் பிறகு எல்லாரும் ஃபைபருக்கு மாறும்போது மாறியவர். "காத்து கம்மின்னா கொஞ்சம் வயிறு வுடணும்டா. அதுக்குன்னு மேலயும் வுட்டுட்டா ஒரு அடி அடிக்கசொல்ல கவுத்துடும். கீழ வயிறு, மேல காத்து வடியணும்."

அவர் சொன்னதைக் கயிற்றில் மொழிபெயர்த்தால் இவ்வளவுதான். பூம் நுனியில் பாயைப் பின்னால் இழுக்கும் கயிறு அவுட்ஹால். அதை இரண்டு விரற்கடை தளர்த்தினால் பாயின் கீழ்ப்பகுதி உப்பும், மெல்லிய காற்றில் இழுவை கிடைக்கும். பாய்மரத்தின் அடியில் பாயைக் கீழே இழுக்கும் கயிறு டவுன்ஹால். அதை நன்றாக இழுத்தால் பாயின் மேல் விளிம்பு தொளதொளவென்று ஆகும். பலமாக ஒரு அடி விழும்போது அந்த மேல் விளிம்பு தானே திறந்துகொண்டு மிச்சக் காற்றை வடித்துவிடும். கீழே வயிறு, மேலே வடிகால். நான் பதினாலு வீடியோ பார்த்தும் பிடிபடாததை அவர் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சொல்லிவிட்டார். காட்டமரான் என்ற சொல்லே கட்டுமரத்திலிருந்து போனதுதானே. 1697-இல் அச்சான தன் பயண நூலில் வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையில் அதைப் பார்த்து எழுதிவைத்தார். பெயர் போனது, கூடவே கொஞ்சம் ஞானமும் போய், வீடியோவாகத் திரும்பி வந்திருக்கிறது.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பறந்தேன். நாற்பது விநாடி இருக்கும். கறுப்பு ஓடி வருவதைப் பார்த்து, அது தொடுவதற்கு முன்னாலேயே காற்றுக்குச் சற்று விலகிப் பலகையைத் திருப்பி, இரண்டுமுறை பாயை விசிறினேன். சலசலப்பு நின்றது. அப்புறம் நடந்ததுதான் முக்கியம். அந்த அடி முடிந்துபோயும் நான் கீழே விழவில்லை. எழும்பத்தான் நிறையக் காற்று வேண்டும். எழும்பியபின் பலகை தண்ணியை உரசுவதில்லை, இழுவை பாதியாகிவிடுகிறது, நம் வேகமே முகத்தில் ஒரு காற்றை உண்டாக்குகிறது. அந்தக் காற்றில் அடுத்த கறுப்புவரை போய்ச் சேர்ந்துவிடலாம்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருக்கின்றன. ஒருமுறைக்கு ஒன்றைத்தான் மாற்றுவது என்று விதி. ஆபீஸில் இதை எல்லாருக்கும் உபதேசிப்பேன், கடைப்பிடித்தது முதன்முறை இங்கேதான். பாய்மரத்தின் அடிக்கட்டை பலகையில் ஒரு காடியில் உட்கார்ந்திருக்கும், முன்னும் பின்னும் நகர்த்தலாம். பின்னால் நகர்த்தினால் மூக்கு லேசாகி சீக்கிரம் எழும்பும். முன்னால் நகர்த்தினால் உடம்பின் பாரம் மூக்கை அமுக்கும், அடி விழும்போது குதிரை மாதிரி எகிறாது. வால் சிறகுக்கு அடியில் ஆப்பு மாதிரி ஒரு தகடு வைப்பார்கள், ஷிம். அரை டிகிரி, ஒரு டிகிரி. வால் சிறகின் வேலை பின்னால் கீழே அமுக்குவது. அது அமுக்கினால் மூக்கு எழும்பும். கோணத்தைக் கூட்டினால் மெல்லிய காற்றிலும் சீக்கிரம் எழும்பலாம். ஆனால் வேகம் ஏற ஏற அந்த அமுக்கமும் வர்க்கத்தில் ஏறும். அதனால் அடி விழும் ஒவ்வொருமுறையும் பலகை வானத்தைப் பார்க்கும், சிறகு தண்ணிக்கு வெளியே வந்து மூச்சுவிட்டு, நாம் மொத்தமாகக் கீழே. நான் ஒரு டிகிரி கூட்டி வைத்திருந்தேன். அரை டிகிரியாகக் குறைத்து, அடிக்கட்டையை இரண்டு சென்டிமீட்டர் முன்னால் தள்ளினேன். எழும்புவது கொஞ்சம் கஷ்டமானது. ஆனால் எழும்பினால் நின்றது. சிறகுகளை இணைக்கும் உடலையும் நீளமானதாக மாற்றினேன். நீள உடல் சோம்பேறி, சட்டென்று தலையைத் தூக்காது. குட்டிக் காற்றடிகளுக்குச் சோம்பேறிதான் வேண்டும்.

இதெல்லாம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று ஒருநாள் தோன்றியது. காத்தாடிக்குச் சூத்திரம் போடுவது. நடுக்குச்சியில் மேலும் கீழும் நூலைக் கட்டி முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சை ஒரு மயிரிழை ஏற்றி இறக்கி, ஊதிப் பார்த்துச் சரிசெய்வோம். சூத்திரம் தப்பினால் எவ்வளவு நல்ல காத்தாடியும் சுத்திக்கொண்டு விழும். பத்து வயதில் அதே மாடியில் போட்டது. காற்று அடித்தால் டீல் விடு, செத்தால் இழு. மாஞ்சா ஒன்றுதான் இப்போது இல்லை, இல்லாததே நல்லது.

இங்கே நிறுத்தியிருந்தால் இது ஒரு வெற்றிக்கதை. அடுத்த வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள் நான் ஆற்றை விட்டுக் கடலுக்குப் போனேன். ஆடிக் காத்தில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்தால் நான் பறக்க மாட்டேனா என்று இருந்தது. மாமாவுக்குச் சொல்லவில்லை. காலை ஒன்பது மணி, மேற்குக் காற்று, முகத்துவாரத்தைத் தாண்டினேன். காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும்போது கரையோரம் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், ரொம்ப அழகாக இருக்கும். அதுதான் அதன் மோசம். பறந்தேன். என் வாழ்க்கையிலேயே நீளமான பறத்தல். திரும்பலாம் என்று பார்த்தபோது கரையில் மனிதர்கள் எறும்பாகியிருந்தார்கள். அப்போது காற்று செத்தது.

எழும்ப முடியவில்லை. எழும்பாத ஃபாயில் பலகை வெறும் நங்கூரம். வந்த ஒன்றிரண்டு அடியும் என்னை வெளியேதான் தள்ளியது. பாயைத் தண்ணியில் போட்டுவிட்டுப் பலகையில் உட்கார்ந்தேன். லைஃப் ஜாக்கெட் இருந்தது. ஃபோன் உறையில் இருந்தது, ஈரக் கையில் திரை நகரவில்லை. ஒரு மணி நேரமோ என்னவோ. எனக்குப் பயத்தைவிட வெட்கம்தான் அதிகம் இருந்தது. பிறகு பயம் வந்து வெட்கத்தைத் தின்றுவிட்டது.

மாமா வந்தார். கரையில் யாரோ பாய் படுத்ததைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். பலகையை ஏற்றினோம், பாயைச் சுருட்டினோம், அவர் ஒன்றும் பேசவில்லை. மோட்டாரை முடுக்கிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "உங்க தாத்தாவும் இதே காத்துலதான் போனாரு. அவராண்ட ஒரு துடுப்பாவது இருந்துது."

அம்மாவின் அப்பா. அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயசு. கட்டுமரம் மட்டும் இரண்டு நாள் கழித்து வடக்கே ஒதுங்கியது. இது எனக்குத் தெரியும், ஒரு தகவலாகத் தெரியும். அம்மாவைக் கடலிலிருந்து தள்ளி, ஏரி இருக்கும் ஊரில், ஃபாக்டரி வேலைக்காரருக்குத் தேடிக் கட்டிக்கொடுத்ததற்கு அதுதான் காரணம் என்பதை நான் யோசித்ததே இல்லை. நான் புழலில் பிறந்ததற்கே ஒரு மேற்குக் காற்று காரணம்.

மாமா அன்றே அம்மாவுக்கு ஃபோன் போட்டுவிட்டார். நாலு நாள் அம்மா என்னோடு பேசவில்லை. தட்டு வரும், சோறு வரும், பேச்சு வராது. ஐந்தாம் நாள் மாடியில் சாமானைப் பிரித்து வைத்து உட்கார்ந்திருந்தேன், விற்றுவிடலாம் என்று படம் எடுக்க. துணி எடுக்க வந்தவர் நின்றார். முன் சிறகைக் கையில் எடுத்து, விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார்.

"இது இன்னாத்துக்கு?"

சொன்னேன். பரப்பு, வேகம், எல்லாம். பாதியில் கைகாட்டி நிறுத்தினார். "எந்தக் காத்துல போன?"

"மேக்கால."

"அதான்," என்றார். "கொண்டல்ல போனா திரும்ப இட்டாந்து வுடும். மேக்கால போனா யாரு இட்டாருவா?" துணியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

விற்கவில்லை. விதிகள் எழுதி ஒட்டியிருக்கிறேன். மேற்கு அடித்தால் கடல் கிடையாது, ஆறு மட்டும். மாமாவுக்குச் சொல்லாமல் இறங்குவது கிடையாது. மடக்குத் துடுப்பு ஒன்று முதுகில். விசில். நைலான் கயிறு பத்து மீட்டர். திரும்பிவரத் தெம்பு பாதி இருக்கும்போதே திரும்புவது. இவையும் ஒரு வகை டியூனிங்தான், நான் கடைசியில் செய்தேன், முதலில் செய்திருக்க வேண்டும்.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை வண்டிமேல் பலகையைக் கட்டிக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து அம்மாவின் குரல். "டேய், ஏரில கறுப்பு ஓடுது பாரு. மேக்கால இருந்து. பத்து மணிக்கெல்லாம் நின்னுடும் இது. இன்னிக்கு வேணாம்."

இந்த மாடிக்கு வந்து முப்பத்தைந்து வருஷமாக, வடாம் காயப்போடும்போதும் துணி எடுக்கும்போதும் அவர் காற்றைப் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கட்டிய கயிற்றை அவிழ்த்துவிட்டேன். பத்து மணிக்கு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். கொடியில் லுங்கி அசையாமல் தொங்கியது.

இறங்கிவரும் நாட்களில் சாமானைக் கழுவுவது கட்டாயம். அலுமினியமும் கார்பனும் எஃகுத் திருகும் உப்புத் தண்ணியில் சேர்ந்து நனைந்தால் ஒன்றையொன்று அரிக்கும். ஒவ்வொரு திருகையும் கழற்றி, கழுவி, கிரீஸ் தடவி மாட்டணும். மாடிக் குழாயில் ஒரு பக்கெட் பிடிப்பேன், ஒன்றுதான், அதற்குமேல் அம்மா விடமாட்டார். எதிரே இருக்கும் ஏரியிலிருந்து சுத்தம் செய்து குழாயில் வரும் தண்ணி. சிறகின்மேல் ஊற்றும்போது எண்ணூரின் சாம்பல் மெல்லிய கோடாக இறங்கித் தரையில் ஓடும்.